உள்ளே நட்டது

“இதைக் கழட்டினா நீ எங்கம்மா போயிடறே?”

முயல் இப்படிக் கேட்டபோது அவனுக்குப் பேச்சு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பவனைப் போலப் பேசுவான். அவன் அம்மா தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எங்கே போவேன், திரைக்குப் பின்னாடி போயிடுவேன்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. வழி கேட்டுத் தெரிந்துகொண்டவனைப் போல ஒருமுறை தலையாட்டிவிட்டு, அறையில் தொங்கிய திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது அவன் இல்லை. மழை பிடித்துக்கொண்ட மாலை. பொழுது சாயும் முன்பே வீடு இருட்டிவிட்டது. வெட்டு மேசையின் விளிம்பில் அவனுடைய காதுக் கருவி இருந்தது. அதன் ஒயர் நேராகத் தொங்கவில்லை.

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

முயல் காது கேளாமல் பிறந்த பிள்ளை. காதுக்குப் பின்னால் எலும்பில் சிறிய குழி எடுத்து, தோலுக்கடியில் ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். அது உள்ளேயே இருப்பது, கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஜோடியாக வெளியே மாட்டுவது இன்னொன்று. காதின்மேல் வளைந்து உட்காரும் அந்தத் துண்டுக்கு வீட்டில் வண்டு என்று பெயர். வண்டிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று புறப்பட்டு, கோட்டுப் பொத்தான் அளவு வில்லை ஒன்றில் முடியும். வில்லைக்குள் ஒரு காந்தம், உள்ளே பதித்ததில் ஒரு காந்தம். தோலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் வண்டின் முதுகில் பச்சை விளக்கு அசையாமல் எரியும். பிடி விட்டால் ஆரஞ்சு விளக்கு மினுக்கும். பிள்ளைக்கு முயல் என்று பேர் வைத்த அவன் அப்பா, “வண்டுக்குப் பசிக்குதுடா, தலை கேக்குது” என்பார். முயல் விழுந்து விழுந்து சிரிப்பான்.

மேசை விளிம்பிலிருந்து அந்த ஒயர் சாய்வாக, விறைப்பாக, பக்கத்தில் தொங்கிய திரையை நோக்கி நீண்டிருந்தது. நுனியில் இருந்த வில்லை துணியைத் தொட்டும் தொடாமலும், எதன்மேலோ தலை வைத்திருப்பதுபோல நின்றது. அவள் இடுப்பு உயரத்தில்.

வண்டின் முதுகில் பச்சை எரிந்தது.

அவள் ஓரடி வைத்தாள். வில்லை சட்டென்று விழுந்து, ஒயரின் நுனியில் ஆடியது. பச்சை போய் ஆரஞ்சு வந்தது. மினுக்கல், இடைவெளி, மினுக்கல்.

திரையில் குண்டூசி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தையற்காரி வீட்டில் அது புதிதில்லை. முயல் தரையில் உருண்டு விளையாடிவிட்டு எழுந்தால் வில்லையைச் சுற்றி ஊசிகள் பூவிதழ் மாதிரி ஒட்டியிருக்கும். ஒரு பெரிய அரங்கத்துக்கான திரைகள் இவை. கருநீலத்தில், கனத்த துணியில், உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்தவை. மடிப்பு படிவதற்காக நடு அறை முழுக்கக் கம்பி கட்டி, வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். புதுத்துணியின் கஞ்சி வாடையும் இயந்திர எண்ணெய் வாடையும் கலந்து, காற்றில்லாத அறையில் தேங்கியிருந்தன. அந்தத் திரையை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தாள். குண்டூசி இல்லை. கையில் நனைந்த ஏதோ பட்டது. திரையின் அடிமடிப்பு ஈரமாக இருந்தது. விரலை விளக்கில் காட்டினாள். மண்.

கூரை ஒழுகியிருக்கும். சுவரோரத்து அழுக்காக இருக்கும். அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

கருவியை இன்று வெளியே எடுக்க வேண்டி வந்ததற்கும் காரணம் இருந்தது. முயல் போன பிறகும் அவன் அப்பா அதை ஒரு நாளும் கைவிடவில்லை. ஈரம் தாக்காமல் வைக்கும் டப்பாவில் போட்டு, டப்பாவுக்குள் இருக்கும் நீர் உறிஞ்சும் மணிகளை வெயிலில் காயவைத்து மாற்றிக்கொண்டே வந்தார். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சில நாட்களுக்கு முன் கேட்பு நிலையத்து டீச்சர் வந்திருந்தார். காதுக்குள் கருவி வைத்த பிள்ளைகளுக்குக் கேட்கவும் பேசவும் பழக்குகிறவர் அவர். ஒரு சின்னப் பெண்ணின் வெளிக்கருவி தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது, பள்ளிக்கூடத்தில் மூலையில் உட்கார்ந்துவிட்டாள், வந்த பேச்சும் உதிர்ந்துகொண்டிருக்கிறது என்றார். அதற்குமேல் கேட்க வாய் வராமல் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அவளே, “முயலோடது இருக்கு டீச்சர், எடுத்துக்குங்க” என்றாள். கடவுள் சில சமயம் நம் வாயால் பேசிவிடுகிறார். பிறகு நாம்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அச்சகத்தில் மாலை முறை வேலைக்குக் கிளம்பும்போது முயலின் அப்பா சொன்னார், “ஒரு தடவை பேட்டரி போட்டுப் பார்த்துடு, விளக்கு எரியுதான்னு. அந்தப் பொண்ணு ஆசையா வந்து நிக்கும்.”

“நீங்களே பார்த்துட்டுப் போங்களேன்.”

“எனக்குக் கை நடுங்குதுடி.” செருப்பை மாட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். “உன்னுது ஊசியில நூல் கோக்கிற கை.”

“அச்சுல எழுத்து கோக்கிற கை மட்டும் ஆடிக்கிட்டா இருக்கும்? ஆடினா ஊருக்கே தப்பும் தவறுமா இல்ல படிக்கக் கிடைக்கும்.”

“அதான் தினமும் கிடைக்குதே” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். அவர் போனதும் பேட்டரியைப் போட்டு, கருவியை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, ஒரு ஓரம் வெட்டுவதற்குள் இப்படி.

அவள் டீச்சருக்குப் போன் செய்தாள்.

“டீச்சர், சும்மா ஒரு சந்தேகம். தலையில மாட்டாமலே பச்சை எரியுமா?”

“எரியாதே, தங்கச்சி. உள்கருவி கிட்டத்துல இருந்தாத்தான் பச்சை வரும்.”

“வேற இரும்பு கிரும்பு பக்கத்துல இருந்தா?”

“இரும்புல ஒட்டும், ஆனா பச்சை வராது. ஏன், வேற பிள்ளை தலையில வச்சாக்கூட வராது. அதுக்கு அதோட ஜோடியை மட்டும்தான் தெரியும். நாளைக்கு நான் கம்ப்யூட்டர்ல போட்டு மாத்தி எழுதினப்புறம்தான் அந்தப் பொண்ணை அது ஏத்துக்கும்.”

“அப்போ முயலை?”

போனில் மழை மட்டும் கேட்டது.

“மறந்துடும், தங்கச்சி. அதனாலதான் அன்னைக்கு உங்களைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். மனசு கஷ்டப்பட்டா வேண்டாம். நான் எதுவும் நினைச்சுக்க மாட்டேன்.”

“இல்ல டீச்சர். சொன்னா சொன்னதுதான்.”

போனை வைத்தாள். சொன்னால் சொன்னதுதான். அந்த வார்த்தை அவள் வாயிலேயே நின்றுகொண்டிருந்தது.

பல வருடங்களுக்கு முன், கருவியைப் பதித்துக் கட்டுப் பிரித்த புதிதில், இதே டீச்சர் அவளிடம் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. “டாக்டர் உள்ளே ஒண்ணை நட்டுட்டார், அவர் வேலை முடிஞ்சுது. இனிமே நடப்போறது நீங்க. ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குள்ள போய் வேர் பிடிக்கும். பார்த்துச் சொல்லுங்கம்மா. டாக்டர் நட்டதை வேணும்னா திறந்து எடுத்துடலாம். நாம நட்டதை எடுக்க முடியாது.”

அவள் பார்த்துத்தான் சொன்னாள். ஒன்றைத் தவிர.

முதலில் முயலுக்கு வண்டைப் பிடிக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து அமைதியைத் தவிர எதையும் அறியாத தலைக்குள் திடீரென்று உலகம் கொட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? மாட்ட மாட்டப் பிடுங்கி எறிவான். கட்டில் அடியிலும் அரிசி டின்னுக்குள்ளும் தேடி எடுக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் பிடுங்கி எறிந்த நொடியில் அவள் திரைக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். அவன் சுற்றுமுற்றும் பார்ப்பான். கூப்பிடத் தெரியாது, கூப்பிட்டாலும் பதில் கேட்காது. அழுதுகொண்டே தானாக வில்லையை எடுத்துத் தலையில் ஒட்டவைத்துக்கொள்வான். உடனே அவள் “முயலே!” என்று வெளியே வருவாள்.

சீக்கிரமே படிந்துவிட்டான். பிறகு அவன் ஒருபோதும் வண்டைக் கழற்றவில்லை. நிலையத்தில் எல்லோரும் அவளை மெச்சினார்கள். எப்படிப் பழக்கினாள் என்பதை மட்டும் அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது கழற்றினால் உடம்பெல்லாம் நடுங்குவான். அவன் கை அவள் தொண்டையைத் தேடி வந்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காது இல்லாதபோது அம்மாவின் குரலை அவன் விரலால் கேட்பான். தூங்கின பிறகுதான் கழற்ற முடியும். நடுவில் விழித்துவிட்டால் வீடே அதிரும்படி கத்துவான். வளர வளரச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வளர்வான் என்று நினைத்தாள்.

அறையின் தூரத்துக் கோடியில், கடைசி வரிசையில், ஒரு திரை அசைந்தது.

காற்றில் அசைந்தால் துணி முழுவதும் உப்பும். இது உப்பவில்லை. இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஒரு ஓரம் மட்டும் மெல்ல விலகியது. கொஞ்சம் நின்றது. திரும்ப விழுந்தது. கம்பியில் வளையங்கள் உரசும் மெல்லிய ஓசை. பிறகு அதற்கு அடுத்த திரை. ஓரம் விலகி, நின்று, விழுந்தது. பிறகு அதற்கு அடுத்தது.

எலி என்று சொல்லிக்கொள்ள முயன்றாள். பூனை என்று சொல்லிக்கொள்ள முயன்றாள். எலியும் பூனையும் ஒரு திரையைக்கூட விடாமல் வரிசையாக விலக்கிப் பார்த்துக்கொண்டு வருமா?

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் வந்தது. அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. அது ஒளிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு திரைக்கும் பின்னால் யாரையோ தேடிக்கொண்டு வருகிறது.

அடுத்த வரிசை. ஓரம் விலகியது. நின்றது. விழுந்தது.

கஞ்சி வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. மழை பெய்ததும் கிளம்புகிற மண்வாசனை இல்லை. வெயிலே படாத ஆழத்து மண். அந்த வாடையை அவள் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறாள், முயலின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அவனைப் புதைத்த குழியின் ஓரத்தில் நின்றபோது. உள்ளே பதித்த கருவியை எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். “அது அவனோடது, அவன்கிட்டயே இருக்கட்டும்” என்று அவர்தான் சொன்னார்.

“முயலே” என்று அவள் கூப்பிட்டாள்.

திரைகள் நிற்கவில்லை. விலகின, விழுந்தன. அதே நிதானம்.

“முயலே! டேய் கண்ணா!”

கத்தித்தான் கூப்பிட்டாள். நிற்கவில்லை. அவள் அங்கே இருப்பதே தெரியாததுபோல அடுத்த திரை விலகியது.

அவனுக்குக் கேட்கவில்லை.

அவள் வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டாள். அந்தப் பக்கம் தெரு, பக்கத்து வீட்டு விளக்கு, யாரோ ஒருவர் இருமும் சத்தம். கதவைத் திறந்தால் போதும். அவர் வரும்வரை பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். விடிந்ததும் கருவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். டீச்சர் மாற்றி எழுதிவிடுவார். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எதுவுமே அவன் தலையை அடையாளம் காணாது. அவன் எத்தனை திரையை விலக்கினாலும் கூப்பிட வழியிருக்காது.

தாழ்ப்பாள் சில்லிட்டிருந்தது.

அன்றைக்கும் ஒரு கதவு இருந்தது. மூளைக்கு ஏறிய காய்ச்சலில் அவனைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, படம் எடுக்கிற அறையின் கதவுக்குக் கொண்டுபோனார்கள். “வெளியே மாட்டினதைக் கழட்டிக் குடுங்கம்மா, உள்ளே கொண்டுபோகக் கூடாது” என்றாள் நர்ஸ். நல்ல பெண். “நாங்க பார்த்துக்கறோம்” என்று அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். இவள்தான் வில்லையைப் பிரித்தாள். அவன் கண்ணைத் திறந்தான். அவன் கை தொண்டையைத் தேடி மேலே எழுந்தது. அதற்குள் கட்டில் நகர்ந்துவிட்டது. யாரோ நடுவில் திரையை இழுத்து மூடினார்கள். அவள் எங்கும் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கத்திலேயே, கையில் வண்டைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆனால் அவன் பார்த்தது அதுவல்ல. கழற்றினாள். திரை விழுந்தது. அம்மா இல்லை. சொன்னபடியே நடந்துவிட்டது.

பிறகு அவன் கண்ணைத் திறக்கவேயில்லை.

அவள் தாழ்ப்பாளை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

மேசையிலிருந்து வண்டை எடுத்தாள். ஆரஞ்சு மினுக்கியது. ஒயரில் வில்லை ஆடியது. இயந்திரத்தின் சின்ன விளக்கு வெளிச்சம் முதல் வரிசைத் திரையோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் இந்த மினுக்கல்தான் வெளிச்சம். அவள் வரிசைகளுக்குள் நுழைந்தாள். இரண்டு பக்கமும் கனத்த துணி தோளை உரசியது. காலடியில் ஈரம். ஒவ்வொரு திரையின் அடிமடிப்பிலும் ஒரே உயரத்தில், விரல் தடம் போல, மண்.

மினுக்கல். நீல மடிப்புகள்.

இருட்டு.

மினுக்கல். அடுத்த திரையின் ஓரம் விலகிக்கொண்டிருந்தது.

இருட்டு.

அவள் நின்றாள். கடவுளே, ஓடாமல் நிற்க மட்டும் காலுக்குத் தெம்பு கொடு என்றாள். வேறெதையும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவளுக்கு நேர் எதிர்த் திரை. கைக்கெட்டும் தூரம். துணி மெல்ல முன்னால் புடைத்தது. கீழே. இடுப்பு உயரத்தில். உருண்டையாக.

வில்லையை நீட்டினாள். கை ஆடியது. ஊசியில் நூல் கோக்கிற கை.

துணிக்கு அருகே போனதும் வில்லை தானாக இழுத்தது. தூண்டிலில் மீன் இழுப்பது மாதிரி. விரலைவிட்டுத் தாவியது.

டிக்.

துணியின்மேல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் ஏதோ பிடித்துக்கொண்டது.

பச்சை.

எல்லாம் நின்றது. மழையைத் தவிர.

“முயலே” என்றாள் அவள். மூச்சைவிட மெதுவாக.

துணிக்குப் பின்னால் அந்த உருண்டை திரும்பியது. முதலில் லேசாகச் சாய்ந்து, பிறகு சத்தம் வந்த திசைக்கு. அவன் அப்படித்தான் திரும்புவான். கேட்பதை முழுசாக நம்பாதவன் மாதிரி. வில்லை துணியோடு நகர்ந்தது. துணியில் முகம் படிந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடம். வாய் இருக்க வேண்டிய இடம். வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

அது மூச்சு இல்லை. அவன் ஏதோ கேள்வி கேட்கப் பார்க்கிறான்.

“அம்மாதான்டா.” அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முகம் முகத்துக்கு நேராக வந்தது. “தேடிக்கிட்டே இருந்தியா? இவ்வளவு நாளா தேடிக்கிட்டே இருந்தியாடா என் தங்கம்?”

துணி உள்ளே போனது. வெளியே வந்தது.

இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. பேட்டரி தீரத் தீர மாற்றிக்கொள்ளலாம். நாளைக்குக் கொடுக்க வேண்டாம். டீச்சர் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டார். மழை பெய்யும் மாலைகளில் அவன் வருவான், அவள் பேசுவாள். மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் யாரோ. அவளுக்கு அம்மா இருக்கிறாள்.

ஆனால் அவன் எப்போது தூங்குவான்? வண்டோடு அவன் ஒரு நாளும் ஆழ்ந்து தூங்கியதில்லை, கண் அயர்ந்ததும் அவள்தான் கழற்றிவிடுவாள்.

“சொல்றதைக் கேளு” என்றாள். கண்ணீர் உதட்டில் உப்புக் கரித்தது. “அம்மா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இதைக் கழட்டினா போயிடுவேன்னு சொன்னேன் பாரு, அது பொய். போக மாட்டேன். அன்னைக்கும் போகலை. வெளியிலேயேதான் நின்னேன். இப்போ கழட்டப் போறேன். கழட்டினப்புறமும் இங்கேயேதான் இருப்பேன். நீயே பாரு.”

திரையின் ஓரத்தைப் பிடித்தாள்.

விலக்கினாள்.

அவள் அலறவில்லை. அவன் காதுக்கு அது ஆகாது. பெரிய சத்தம் என்றால் சுருண்டுவிடுவான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டு பார்த்தாள். கடைசியாக அவள் உடுத்திவிட்ட சட்டை. பித்தானை அவளேதான் தைத்தாள். காதுக்குள் மண். காதின் பின்னால் அந்தப் பழைய தழும்பு மட்டும் எதுவும் ஆகாமல், வெள்ளையாக, அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் அப்படி இல்லை. கண்கள் இருந்த இடம் அவளையே பார்த்தது.

துணிக்கு மேலாக இன்னும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த வில்லையைப் பற்றினாள்.

இழுத்தாள்.

டிக்.

பச்சை அணைந்தது.

அவன் உடம்பு நடுங்கத் தொடங்கியது. குளிப்பாட்டும்போது நடுங்குகிற அதே நடுக்கம்.

அவள் வண்டைப் பின்னால், திரைகளுக்கு வெளியே, கைக்கெட்டாத தூரத்துக்குத் தரையில் நகர்த்திவிட்டாள். அது நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு. கொடுத்த வார்த்தை. இது இவனுக்கு. இதுவும் கொடுத்த வார்த்தைதான்.

ஆரஞ்சு மினுக்கியது. அவன் அவளெதிரே.

இருட்டு.

மினுக்கல். இன்னும் கிட்டே.

இருட்டு. அவள் கண்ணை மூடவில்லை.

மினுக்கல். கை எழுந்திருந்தது.

இருட்டு.

சில்லென்று, ஈரமாக, சின்ன விரல்கள் அவள் தொண்டையைத் தொட்டன. நகத்திடுக்கின் மண் தோலில் உராய்ந்தது. தேடின. இடம் கண்டுபிடித்தன. அழுத்திக்கொண்டன.

“இங்கேதான் இருக்கேன்” என்றாள், அவன் விரல்களுக்குக் கேட்கும்படி.

நடுக்கம் நிற்கவில்லை.

“இங்கேதான் இருக்கேன்.”

மினுக்கல். அவன் முகம் அவள் தோளில் சாய்ந்துகொண்டிருந்தது.

“இங்கேதான்டா இருக்கேன். எங்கேயும் போகலை.”

இருட்டு. தெருவில் இருமியவர் வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் இல்லை. தோளில் கனம் கூடிக்கொண்டே வந்தது, தூக்கம் வருகிற பிள்ளையின் கனம். அவள் ரவிக்கைக்குள் இறங்கியது குளிர். நடுக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. விரல்கள் மட்டும் தளரவில்லை. அவள் அசையவில்லை. ஒவ்வொரு மினுக்கலிலும் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. குரல் வர வர, தொண்டையின்மேல் அந்தச் சின்னக் கை இன்னும் கொஞ்சம் இறுகியது.